காம்போடு ஒரு தேங்காய்

தேங்காயைக் கண்டால் உடைக்கத் துடிப்பது தமிழன் கைக்கே உள்ள வியாதி. புது வண்டியா, பரீட்சையா, கல்யாணமா, உடை ஒரு தேங்காய். அந்த வியாதியால் நான் என் கல்யாணத்தையே உடைக்கப் பார்த்தேன்.

தொண்ணூறுகளில் ரங்கூன் தாமுவேயில் எங்களுக்கு மளிகைக்கடை. கல்லாவில் அப்பா, தராசில் நான். என் மனசு மட்டும் எதிர்ச் சந்தில், தையல் வேலை செய்த தன்டார் என்ற பர்மியப் பெண்ணிடம். (அவள் பருப்பு வாங்கினால் ஒரு பிடி கூடவே விழும். நஷ்டம் அப்பாவுக்கு.) நம்ம சாமி வேற, அவுங்க சாமி வேற, அந்தப் படியேறினா இந்தப் படி ஏறாதே என்றார் அப்பா. தன்டாரின் அம்மா டோ சேன் அவ்வளவு பேசவில்லை. பையனை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றாராம்.

ஒரு மழைநாள் மதியம் அப்பாவுக்குத் தெரியாமல் போனேன். வாசலிலேயே தன்டார் எச்சரித்தாள்.

"எங்க வீட்டு 'நாட்'டுக்கு மரியாதை காட்டுங்க, கோ செல்வம். அம்மா அதைத்தான் கவனிப்பாங்க."

கோ, டோ எல்லாம் பெயருக்கு முன்னால் போடும் மரியாதைச் சொற்கள்; நாட் என்றால் வீட்டைக் காக்கும் ஆவி. அதுவரை எனக்குத் தெரியும். தாயும் மகளும் தேநீர் போட உள்ளே போனார்கள். கரண்ட் இல்லை. இருட்டு மூலையில், தூணில் தொங்கிய பிரம்புக்கூடைக்குள் சிவப்புத் துணி கட்டிய தேங்காய் ஒன்று காம்போடு இருந்தது. எங்கள் கடைச் சரக்குதான். பர்மியர்கள் காம்புள்ளதாகக் கேட்டு வாங்குவார்கள். விலையைக் கூட்டிச் சொல்வேனே தவிர, எதற்கென்று ஒருநாளும் கேட்டதில்லை. ரங்கூனிலேயே பிறந்து வளர்ந்த நான் ஒரு பர்மிய வீட்டு வாசலைத் தாண்டியது அன்றுதான்.

ஜன்னல்கள் சாத்தியிருந்தன. காற்றே இல்லை. இருந்தும் கூடை மெல்லத் திரும்பி, என்னைப் பார்த்ததுபோல் நின்றது. புத்தியுள்ளவன் அப்போதே நாற்காலியில் போய் உட்கார்ந்திருப்பான். நானோ, ஆண்பிள்ளை இல்லாத வீடு, உடைத்துப் படைக்க ஆளில்லாமல் சாமி காத்திருக்கிறது என்று முடிவு கட்டினேன். சட்டைப்பையில் கற்பூரம் இருந்தது. (மளிகைக்காரன் பையில் வேறென்ன இருக்கும்?) ஏற்றிக் காட்டினேன். கூடை சட்டென்று பின்னால் நகர்ந்தது. அருள் வந்துவிட்டது என்று பூரித்து, தேங்காயை இறக்கி வாசற்கல்லில் ஓங்கி அடித்தேன்.

உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பருப்பு கருத்திருந்தது. முடி கருகிய நாற்றம் அடித்தது.

தேநீரோடு வந்த டோ சேன் தட்டைக் கீழே வைத்துவிட்டு, உடைந்த சில்லுகளைப் பொறுக்கத் தொடங்கினார். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். தன்டார்தான் அழுதுகொண்டே சொன்னாள்.

"எங்க நாட் மனுஷனா இருந்தப்ப தீயில வெந்து செத்தவரு. காந்தலுக்கு இதமா இருக்கத்தான் அந்தத் தண்ணி. அதை உடைக்கவே கூடாது."

தீயில் செத்தவருக்குத் தீ காட்டி, அவருடைய மருந்தையும் போட்டு உடைத்திருக்கிறேன். செருப்பைக்கூட எடுக்காமல் ஓடிவந்தேன். தன்டார் இனி எனக்கில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று மாலையிலிருந்து கடையில் கருகல் வாடை. அப்பா மூட்டை மூட்டையாகப் புரட்டியும் தீ எங்கும் இல்லை. உடைத்துப் பார்த்த தேங்காயெல்லாம் உள்ளே வறண்டிருந்தன. மூடிய ஜாடிக்குள் கற்பூரம் தானாக உருகிக் கிடந்தது. பயந்துபோய் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடி விழும் என்று பார்த்தால், அவர் ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்து, தண்ணீர் உள்ள தேங்காயாக, காம்புள்ளதாகத் தேடி எடுத்தார். அவுங்க சாமிதானே என்று இழுத்தேன்.

"கடை எரிஞ்சா எந்தச் சாமிடா சரக்கு தரும்? நட" என்று சொல்லிவிட்டு, எனக்கு முன்னால் அந்தப் படியேறினார்.

டோ சேன் தேங்காயை என் கையாலேயே கட்டித் தொங்கவிடச் சொன்னார். கூடை அசையவில்லை. அதையே வெகுநேரம் பார்த்திருந்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"அவரைச் சுட்டவன் நீ. தண்ணி வத்தாம பாத்துக்க வேண்டியவனும் நீதான். அதுக்கு நீ இந்த வீட்டுலதான் இருக்கணும்."

பெண் கொடுக்கச் சம்மதம் என்பதை என் மாமியார் சொன்ன விதம் அது.

இன்றும் தேங்காய் மாற்றுவது என் வேலைதான். தண்ணீர் இருக்கிறதா என்று ஆட்டிப் பார்க்கக் கை நீட்டுவேன். சில நாள், கை படும் முன்பே உள்ளே தளும்பும் சத்தம் கேட்கும். இதை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. அடுப்பில் ஏதாவது தீய்ந்தால் போதும், என் மகள் மூலையில் தொங்கும் கூடையைப் பார்த்துக் குரல் கொடுப்பாள்.

"தாத்தா, பயப்படாதீங்க. அம்மாதான் கருவாட்டைத் தீய விட்டுட்டாங்க. அப்பா கடையில இருக்காரு."

நான் பக்கத்திலேயே நின்றாலும் அப்படித்தான் சொல்வாள். வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன், கூடைப் பக்கம் திரும்பாமல்.