நாற்காலியில் உட்கார்ந்த ஸ்பானிஷ் வினைச்சொல்

பூட்டுக்காரர் ஸ்பானிஷ் படித்தது ஸ்பெயினுக்குப் போவதற்காக இல்லை. வீட்டிலிருந்து ஒரு நாற்காலி போகாமல் இருப்பதற்காக.

லேசுப்பட்ட நாற்காலியா அது? முடிவெட்டும் கடை நாற்காலி! இரும்பு அடிப்பாகம், சிவப்பு ரெக்சின், தலை சாய்க்க ஒரு திண்டு, கால் வைக்க ஒரு தட்டு. பக்கத்தில் ஒரு பிடி. அதை நாலு தடவை அழுத்தினால் உட்கார்ந்திருப்பவர் ஒரு முழம் உயர்ந்துவிடுவார். எட்டு வருஷத்துக்கு முன்னால், மூடிப்போன ஒரு சலூனின் துருப்பிடித்த பூட்டைத் திறந்து கொடுத்தபோது கூலிக்குப் பதிலாகக் கிடைத்தது. நாள் முழுக்கக் குனிந்து பூட்டின் வாய்க்குள் கம்பியை விட்டு ஆட்டுகிற மனுஷர், சாயங்காலம் வந்து அதில் ஏறி, நாலு அழுத்து அழுத்தி, ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்ப்பார். அந்த அரை மணி நேரம் அவர் ராஜா. மீதி இருபத்து மூன்றரை மணி நேரம் என்னவென்று நான் வேறு சொல்ல வேண்டுமா? கல்யாணமானவர்களுக்குத் தெரியும்.

வம்பு வந்தது ஜன்னலால். வீட்டில் இரண்டு அறை, ஒரு சமையலறை, ஒரே ஒரு ஜன்னல். அதை மொத்தமாக அடைத்துக்கொண்டு நாற்காலி. வேறு எங்கே போட்டாலும் கதவு திறக்காது. அவர் மனைவியோ கைக்கடிகாரம் பழுது பார்ப்பவள். கடுகைவிடச் சின்னத் திருகாணியை இடுக்கியால் பிடித்து உட்கார வைக்கிற வேலை. அதை அவள் உள்ளே ஒரு மூலையில், பல்பு வெளிச்சத்தில், கண்ணைக் கசக்கிக் கசக்கிச் செய்துகொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை காலையில் காபியை வைத்துவிட்டுச் சொன்னாள்.

"வர்ற ஞாயித்துக்கிழமை சலூன்காரர் வர்றார்."

"முடி வெட்டவா? நானே போய் வெட்டிக்குவேனே."

"நாற்காலியை எடுத்துட்டுப் போக. அவர் கடையில ரெண்டாவது நாற்காலி இல்லையாம். தர்றேன்னுட்டேன்."

"யாரைக் கேட்டுத் தர்றேன்னே?"

"என் கண்ணைக் கேட்டு. அதுதான் தினம் தண்ணியா கொட்டுதே!"

அவள் சொன்னது நியாயம். அவளிடம் அவருக்குப் பிடிக்காத ஒரே குணமே அதுதான்.

கடைக்குப் போனார். கை வேலையில் ஓடவில்லை. போன வாரம் ஒருவர் சாவி தொலைந்த சூட்கேஸ் ஒன்றைத் திறக்கக் கொண்டுவந்தார். துணிமணியை எடுத்துக்கொண்டு, "இது எனக்கு ஏறல, நீங்களே வெச்சுக்குங்க" என்று ஒரு தடிப் புத்தகத்தைப் போட்டுவிட்டுப் போனார். ஸ்பானிஷ் கற்றுக்கொடுக்கும் புத்தகம். இப்போது அது கண்ணில் பட்டது. மூடியிருப்பது எதுவானாலும் நம்மவருக்குக் கை துறுதுறுக்கும். திறந்தார். முன்னுரையிலேயே ஒரு யோசனை இருந்தது. உங்கள் வீட்டையே நோட்டாக்குங்கள். ஒவ்வொரு சொல்லையும் ஒரு சாமான்மேல் உட்கார வையுங்கள். பிறகு கண்ணை மூடி மனசுக்குள் வீட்டைச் சுற்றி வாருங்கள், சொற்கள் தானாக வாய்க்கு வரும்.

பூட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். எட்டு வருஷத்தில் அவருக்குத் தோன்றிய முதல் கெட்டிக்கார யோசனை அது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அறிவித்தார். "நான் ஸ்பானிஷ் படிக்கப் போறேன்."

"எதுக்கு?"

"அறிவுக்கு."

"ஓ." அவள் கண்ணில் செருகியிருந்த பூதக்கண்ணாடியை எடுத்தாள். "எங்கே, காட்டுங்க பார்ப்போம்."

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. 'போங்களேன்' என்று சொல்லிவிடுவாள், அதோடு நாமும் படிக்கிற மாதிரி பாவனை பண்ணிக்கொண்டே காலத்தை ஓட்டலாம் என்று இருந்தார். அவளோ ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துவிட்டாள். கடிகாரத்தின் முதுகைத் திறந்து பார்க்கிறவள் ஆயிற்றே.

"இதுதான் குவார்தார். காத்து வெச்சுக்கிறதுன்னு அர்த்தம். ஒழுங்கான வினைச்சொல். இது ஒண்ணு வந்துட்டா இதே வால் உள்ள ஆயிரம் சொல் திறந்துக்கும். மாஸ்டர் சாவி மாதிரி."

"ஒழுங்கில்லாத வினைச்சொல்லும் உண்டா?"

"நிறைய."

"அதோட குடித்தனம் பண்றவங்க பாவம். மேலே சொல்லுங்க."

வீட்டைச் சுற்றி ஒவ்வொன்றாக உட்கார வைத்தார். நிகழ்காலம் வாசலில், நான், நீ, அவர் என்று ஆளுக்கொன்றாக ஆறு செருப்பில்: குவார்தோ, குவார்தாஸ், குவார்தா, குவார்தாமோஸ், குவார்தாய்ஸ், குவார்தான். இறந்தகாலம் வந்ததும் அவரே தடுமாறினார்.

"இதுல ரெண்டு இருக்கும்மா. குவார்தாரோன்னாலும் வெச்சுக்கிட்டாங்கதான். குவார்தாபான்னாலும் வெச்சுக்கிட்டாங்கதான். எதுக்கு ரெண்டுன்னு..."

அவள் புத்தகத்தை வாங்கிப் படித்தாள். "ஒண்ணு முடிஞ்சு போனது. இன்னொண்ணு அப்போ நடந்துக்கிட்டே இருந்தது. நின்னுபோன கடிகாரம் ஒண்ணு, ஓடிக்கிட்டிருந்த கடிகாரம் ஒண்ணு. இதுல என்ன குழப்பம்?"

அவருக்கு வாய் பிளந்தது. நாலு பக்கம் படித்தும் ஏறாதது நாலு வார்த்தையில் ஏறிவிட்டது. முடிந்ததை டிரங்குப் பெட்டிக்குள் போட்டு மூடினார். நடந்துகொண்டே இருந்ததைச் சமையலறைக்கு அனுப்பினார். அங்கேதான் எந்த வேலையும் முடிவதில்லை. எதிர்காலம் பரண் ஏணியில் படிக்கு ஒன்றாக ஏறியது. 'இப்படி இருந்தால் அப்படிச் செய்வேன்' என்கிற குவார்தாரியா வகையறாவைத் துணி காயும் கொடியில் ஆறு கிளிப்பில் மாட்டினார். உத்தரவு போடும் வினை மனைவியின் ஸ்டூலுக்குப் போனது. அதை எங்கே வைப்பது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

"இதுல 'நான்'ங்கிற கட்டம் காலியா இருக்கே?" என்றாள்.

"தனக்குத் தானே உத்தரவு போட்டுக்க முடியாதும்மா."

"அதானே! அதுக்குத்தான் ஆம்பளைங்க கல்யாணம் பண்ணிக்கிறாங்க."

கடைசியாக விஷயத்துக்கு வந்தார். "இன்னொண்ணு இருக்கு. சுப்ஹுந்திவோ. ரொம்ப நுணுக்கமானது. ஆசை, சந்தேகம், பயம், இதெல்லாம் வந்தா வினைச்சொல் வேஷம் மாத்திக்கும். அது மொத்தமும் இந்த நாற்காலியில இருக்கு. தலைத் திண்டுல குவார்தே, வலது கைப்பிடியில குவார்தேஸ், இடதுல மறுபடி குவார்தே, உட்கார்ற இடத்துல குவார்தேமோஸ், கால் தட்டுல குவார்தேய்ஸ், அழுத்துற பிடியில குவார்தேன். நாற்காலி போச்சுன்னா ஆறும் போச்சு."

அவள் நாற்காலியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடி நாற்காலியைப் பார்த்தாள்.

"அந்த சுப்புவை வெச்சு ஒரு வாக்கியம் சொல்லுங்க, கேட்போம்."

"கியேரோ கே குவார்தேஸ் லா சியா."

"அப்படின்னா?"

"நீ இந்த நாற்காலியை வெச்சுக்கணும்னு நான் ஆசைப்படறேன்." குரல் கொஞ்சம் தழுதழுத்தது. அது நடிப்பில்லை.

"ஆசைப்பட்டா நடந்தே ஆகணுமா?"

"அவசியமில்ல. நடக்குமோ நடக்காதோங்கிறதுக்குத்தான் தனி ரூபம்."

"அருமையான பாஷைங்க" என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து வேலைக்குப் போனாள்.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் பூட்டுக்காரர் செருப்பு, பெட்டி, ஏணி, கொடி என்று சுற்றிச் சுற்றி வந்தார். வேடிக்கை என்னவென்றால், பொய்யாக ஆரம்பித்த படிப்பு நிஜமாகவே பிடித்துப்போனது. கடையில் சாவியை அரத்தால் ராவும்போதுகூட உதடு முணுமுணுத்தது. குவார்தாரே, குவார்தாராஸ். வால் மாறினால் ஆள் மாறுகிறான், இன்னொரு வால் மாறினால் காலமே மாறுகிறது. சாவியின் பல்லும் இப்படித்தானே என்று தனக்குள் வியந்து வியந்து போனார்.

வியாழக்கிழமை அவள் துடைப்பத்தோடு வந்து நின்றாள். "நாற்காலிக்கு அடியில ஒரு குப்பைமேடே இருக்கு. நகர்த்தினா உங்க சுப்பு விழுந்துடுமா?"

"ஒரு விரற்கடை நகர்ந்தாலும் போச்சு!"

"அப்போ அடியில சக்கரம் வெச்சுக் குடுங்க. சுத்தி சாக்பீஸால கோடு போட்டுக்கிறேன். உருட்டிக் கூட்டிட்டு, கோட்டுக்குள்ளயே கொண்டுவந்து நிறுத்திடறேன்."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இப்பேர்ப்பட்டவளிடமா டிமிக்கி கொடுத்தோம்! அன்றைக்கே நாலு சக்கரம் வாங்கி வந்து தன் கையாலேயே பூட்டினார். அவள் கடிகார எண்ணெயைச் சக்கரத்துக்குச் சொட்டுச் சொட்டாக விட்டாள்.

"கிரீச்சுன்னு கத்தினா உங்க கவனம் சிதறும் பாருங்க."

"ஞாயித்துக்கிழமை சலூன்காரர் வருவாரே?" என்று மெதுவாகக் கேட்டார்.

"வரட்டும். அவர் எதிர்லயே ஒப்பிச்சுக் காட்டுங்க. நாற்காலி இல்லாம பாடம் வராதுன்னா, அது அங்கேயே இருக்கட்டும். நான் வாயே திறக்க மாட்டேன்."

"இல்லாம ஒரு எழுத்து வராது!"

"கண்ணை மூடிக்கிட்டுத்தானே சொல்லணும்?"

"ஆமா. கண்ணை மூடினா நாற்காலி மனசுக்குள்ள அப்படியே வந்து நிக்கும். கைப்பிடியில தையல் விட்ட இடம்கூடத் தெரியும். ஏறி உட்காரலாம் போல இருக்கும்னா பாரேன்!"

"அதிசயம்தான்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சலூன்காரர் சட்டைப் பையில் சீப்போடு வந்தார். நாற்காலியை ஒருமுறை ஏக்கமாகத் தடவிக் கொடுத்துவிட்டு ஓரமாக நின்றார். நாற்காலி கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, இந்த வித்தையைப் பார்த்தால் போதும் என்று அவர் சொன்னதாக மனைவி முன்பே சொல்லியிருந்தாள். பூட்டுக்காரருக்கு அவர்மேல் பரிதாபமே வந்தது. குளித்து, தலை வாரி, அறை நடுவில் ஜன்னலைப் பார்த்து நின்று கண்ணை மூடினார். மனைவி புத்தகத்தைப் பிரித்துப் பிடித்துக்கொண்டாள்.

வாசல் செருப்பில் தொடங்கினார். ஆறும் வந்தன.

"சரி!" என்றாள் அவள், உரக்க.

"பலே!" என்றார் சலூன்காரர்.

டிரங்குப் பெட்டி திறந்தது. "சரி!" "பலே!" சமையலறை. "சரி!" "பலே!" ஏணியில் ஆறு படியும் மூச்சு வாங்காமல் ஏறினார். "சரி!" "பலே!" கொடியில் குவார்தாரியான் என்று கடைசிக் கிளிப்பையும் தொட்டார்.

"சரி!!" என்றாள் அவள், இன்னும் உரக்க.

இந்தத் தடவை 'பலே' வரவில்லை. மனுஷர் அசந்து போயிருப்பார் என்று பூட்டுக்காரர் நினைத்துக்கொண்டார்.

இப்போது நாற்காலி. ஒரு நிமிஷம் நிறுத்தி மூச்சு விட்டார். தலைத் திண்டு, குவார்தே. கைப்பிடி, குவார்தேஸ். அப்போதுதான் அந்த ஆச்சரியம் நடந்தது. மூடிய கண்ணுக்குள் திடீரென்று பளீரென்று வெளிச்சம் பாய்ந்தது. முகத்தில் இதமான சூடு. அறிவு வெளிச்சம் என்கிறார்களே, அது இதுதான் போலிருக்கிறது! உடம்பு சிலிர்த்தது. மீதி நாலையும் கம்பீரமாகச் சொல்லி முடித்தார். அத்தோடு விட்டாரா? யாரும் கேட்காமலே சுப்புவின் இறந்தகாலத்தையும் எடுத்துவிட்டார். குவார்தாரா, குவார்தாராஸ், குவார்தாரா, குவார்தாராமோஸ், குவார்தாராய்ஸ், குவார்தாரான்! பிறகு உத்தரவு வினை ஐந்தையும் சட்சட்டென்று அடித்துவிட்டு நின்றார்.

"ஒரு எழுத்து தப்பில்லைங்க!" என்றாள். அந்தக் குரலில் நிஜமான பெருமை இருந்தது.

பூட்டுக்காரர் கண்ணைத் திறந்தார். கண் கூசியது. ஜன்னல் நிறைய வெயில். ஜன்னலுக்கு முன்னால் சாக்பீஸ் கோடு. கோட்டுக்குள் ஒரு ஸ்டூல். ஸ்டூலில் மனைவி. வாசல்படியில் ஒரு சாய்வுப் பலகை கிடந்தது. சலூன்காரரைக் காணோம்.

"நாற்காலி எங்கேம்மா?"

"கொடியில துணி காயப் போட்டீங்களே, அப்பவே கிளம்பிடுச்சு. சக்கரம் ரொம்ப நல்லா உருளுதுங்க."

"அப்போ சுப்பு..."

"ஆறும் வந்துது. கேட்காத ஆறும் வந்துது. நாற்காலி கிளம்பின பிறகு." மடியிலிருந்து ஒரு கைக்கடிகாரத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். அதன் சின்னச் சக்கரம் ஒவ்வொன்றும் மின்னியது. "அப்பாடா! இந்தப் பல்லை நான் இவ்வளவு தெளிவா இதுவரைக்கும் பார்த்ததே இல்லைங்க."

அதைக் கேட்டபின் எப்படிச் சண்டை போடுவது? ஆனாலும் வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. "நான் எவ்வளவு ஆசைப்பட்டேன்! அதுவும் ஸ்பானிஷ்ல!"

"ஆசைப்பட்டா நடக்கணும்னு அவசியமில்லன்னு நீங்கதானே பாடம் சொன்னீங்க?"

அத்தனையும் நின்றபடியே ஒப்பித்ததில் கால் இரண்டும் கடுத்தன. பூட்டுக்காரர் அறையைச் சுற்றுமுற்றும் பார்த்தார். "சரி, இனிமே சாயங்காலம் நான் எங்கே உட்கார்றது?"

அவள் பூதக்கண்ணாடியைக் கண்ணில் செருகிக்கொண்டு, கடிகாரத்திலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"மனசுக்குள்ள அப்படியே நிக்குதுன்னீங்களே, கண்ணை மூடிக்கிட்டு அதுலயே உட்காருங்க."