குதிகாலுக்காக ஓர் அலறல்

கூச்சக்காரன் உதவி செய்யக் கிளம்பினால் மற்றவர்கள் ஒதுங்கி நிற்பது நல்லது. காலமெல்லாம் அடக்கி வைத்த குரல் வேண்டாத இடத்தில்தான் வெளியே வரும். நான் ஐந்தாம் வகுப்போடு ரப்பர் பால் வெட்டப் போனவன். பஸ்ஸில் "இறங்கணும்" என்று சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வருவேன். (அந்த நடையில்தான் என் குதிகால் கெட்டது என்பது என் மனைவியின் கட்சி.)

என் மகள் சுபா பிசியோதெரபி படித்துவிட்டுப் புதுக்கடை சந்தைக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கிளினிக் திறந்தாள். எங்கள் பக்கத்தில் கை கால் பிசகினால் வர்ம ஆசானிடம்தான் போவோம். உள்ளே ஆள் அலற அலற, வெளியே இருப்பவர்களுக்கு நம்பிக்கை கூடும். "கொள்ளாம், ஆசானுக்கு நல்ல கை" என்பார்கள். சத்தம் வராவிட்டால் ஆசான்மேல் சந்தேகம்.

முதல் நாள் பெஞ்சில் மூன்று பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். நடுவில் மரச்சீனிக் கிழங்கு விற்கும் தங்கம் அக்கா. அவர் ஒன்று சொன்னால் சந்தையே சொன்ன மாதிரி. கிளினிக் பிழைப்பதும் மூடுவதும் அந்த வாயில் இருந்தது.

"முதல்ல எனக்க அப்பாவைப் பாக்கேன்" என்று சுபா என்னைத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போய்க் கட்டிலில் உட்கார வைத்தாள்.

"காலையில எந்திச்சு முதல் அடி வைக்கும்போதுதானப்பா குத்துது? நடக்க நடக்கக் கொறையும், இல்லியா?"

முதல் அடியில் குத்துவது நான் யாரிடமும் சொல்லாத விஷயம். தொடாமலே கண்டுபிடித்துவிட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இவ்வளவு கெட்டிக்காரி உள்ளே இருப்பது வெளியே தெரிய வேண்டாமா? அவள் விரல் என் குதிகாலை நெருங்கியது. தொடுவதற்கு முன்பே அலறினேன். தோட்டத்தில் காட்டுப்பன்றி துரத்தியபோதுகூட அப்படிக் கத்தியதில்லை.

வெளியே செருப்புகள் பறக்கும் சத்தம். திரையை விலக்கிப் பார்த்தால் பெஞ்ச் காலி. அவர்கள் ஆசானின் கைக்குப் பயந்துதான் இங்கே வந்தவர்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

"எதுக்குப்பா கத்தினிய? நான் தொடவே இல்லியே."

வாசலில் என் இடது செருப்பும், ஒரு பெண்ணின் வலது செருப்பும் கிடந்தன. தங்கம் அக்கா அவசரத்தில் மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறார். சுபா அந்தச் செருப்பை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். அடிப்பாகம் காகிதமாய்த் தேய்ந்திருந்தது.

"இடது முட்டு வலிக்குப் பயந்து பாரத்தையெல்லாம் வலது கால்ல போடுறாவ. போய்க் கூட்டிட்டு வாங்கப்பா. கெடுத்தது நீங்கதானே."

ஒரு காலில் செருப்பு, மறு கால் வெறுங்கால், கையில் ஒரு பெண்ணின் செருப்பு. இந்தக் கோலத்தில் நொண்டிக்கொண்டே சந்தைக்குள் போனேன்.

"ஏன் அண்ணே, ஆரு அடிச்சா?" என்று விசாரித்தார் மீன் வாங்க வந்த ஒருவர்.

தங்கம் அக்கா கிழங்குக் குவியலுக்குப் பின்னால் பதுங்கினார். "நான் வரல்ல தம்பி. எனக்கு இருக்கது ரெண்டு கால்தான்."

"அவ தொடவே இல்லக்கா. நானா அலறினேன்."

"தொடாம எதுக்குலே அலறுனே?"

"பிள்ளைக்கு நல்ல பேரு வரட்டும்னுதான்."

சந்தை சிரித்தது. என் வாழ்க்கையில் அத்தனை பேர் முன்னால் நான் பேசியது அதுதான் முதல் தடவை. பேசத் தொடங்கியபின் நிறுத்தத் தெரியவில்லை. "ஒங்களுக்கு இடது முட்டுதானே வலி? செருப்பப் பாத்தே மக சொல்லிட்டா."

அக்கா செருப்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மற்ற இருவரையும் அழைத்தார். "எந்திரிங்கட்டி, போவோம். அவ நம்ம கால ஒடிச்சா இவனுக்க காலையும் ஒடிப்போம்."

யாருக்கும் எதுவும் ஒடியவில்லை. தொடைத் தசைக்குப் பலம் வர நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்கும் பயிற்சியைச் சுபா சொல்லிக் கொடுத்தாள். எனக்குக் கெண்டைக்காலை இழுத்து நீட்டும் பயிற்சியும், வீட்டுக்குள்ளும் செருப்பு போட வேண்டும் என்ற உத்தரவும் கிடைத்தன.

இப்போது பெஞ்சில் இடம் கிடைப்பதில்லை. புதிதாக யாராவது பயந்து உட்கார்ந்திருந்தால் தங்கம் அக்கா தைரியம் சொல்வார். "பேடிக்காத மக்கா. இங்க அலறுறது டாக்டருக்க அப்பா மட்டுந்தான்."

கேட்கும்போதெல்லாம் வெட்கத்தில் தலை குனிந்துவிடும். 'டாக்டருக்க அப்பா' என்ற இடம் வரும்போது மட்டும் கொஞ்சம் நிமிர்ந்துகொள்வேன்.