செவுள் தூக்கிப் பார்த்த இங்கிலீஷ்

வடசென்னையில் காத்திவாக்கத்திலிருந்து ராயபுரம் வரைக்கும் எத்தனையோ பேர் தங்கள் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் படிப்பு வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். வாங்குவதற்கு முன்னால் அதன் செவுளைத் தூக்கிப் பார்த்தவர் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான். அவரை நாங்கள் ஜன்னலம்மா என்று சொல்வோம். சேர்க்கைப் படிவத்தில் நிஜப் பெயர் இருந்திருக்கும். எடுத்துப் பார்க்க வேண்டும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரண்டு வருஷம் இருக்கும். திருவொற்றியூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் பி.டி.ஏ. டீச்சர். அதாவது, பெற்றோர் சங்கம் சம்பளம் கொடுக்கும். எந்தச் சாயங்காலமும் தலைமையாசிரியர் கூப்பிட்டு, "நாளையிலேருந்து வர வேணாம்மா" என்று சொல்லிவிடலாம். வயது இருபத்து மூன்று. வேலை இருக்கும் வரை பெண் பார்க்க யாரும் வரக்கூடாது என்று அப்பாவோடு ஓர் ஒப்பந்தம். பொன்னேரியில் ஒரு மாப்பிள்ளை எனக்கு எப்போது வேலை போகும் என்று காத்துக்கொண்டிருந்தார்.

அந்த வருஷம் பதினொன்றாம் வகுப்பில் இங்கிலீஷுக்கு மூன்று வழி. ஒன்று, எல்லாப் பாடமும் தமிழில், இங்கிலீஷ் ஒரு பாடமாக மட்டும். இரண்டு, புதிதாக ஆரம்பித்த இங்கிலீஷ் மீடியம். அதற்குத்தான் என்னை எடுத்திருந்தார்கள். மூன்றாவது, கம்யூனிகேட்டிவ் இங்கிலீஷ் என்று பேசப் பழக்கும் தனிப் பிரிவு. சேர்ந்தவர்களை வைத்து வகுப்புகள் ஆரம்பித்துவிட்டன. மாதக் கடைசி வரை சேர்க்கையும் நடந்தது.

அப்போதுதான் கூடையும் மகளுமாக அந்த அம்மா வந்தார். காத்திவாக்கத்தில் இறால் வியாபாரம்.

"எதுலம்மா போடணும்? தமிழா, இங்கிலீஷா, கம்யூனிகேட்டிவா?" என்றார் தலைமையாசிரியர்.

"பாத்துட்டு சொல்றேன் சார்."

"பார்க்கறதுக்கு என்ன இருக்கு?"

"கால் கிலோ மீனு வாங்க வந்தா செவுள தூக்கிப் பாக்கறீங்க. நான் ரெண்டு வருஷத்துக்கு எம் பொண்ண குடுக்கறேன். பாக்காம குடுக்க சொன்னா இன்னா நாயம்?"

"சரி, பாருங்க" என்றார் தலைமையாசிரியர். அவர் தமாஷுக்குத்தான் சொன்னார். மறுநாள் இரண்டாவது பீரியடில் என் வகுப்பு ஜன்னலில் ஓர் அலுமினியக் கூடை வந்து நின்றது. கூடைக்குக் கீழே அந்த அம்மா. அவருக்குப் பின்னால் மூன்று பூனைகள். வாட்ச்மேனை ஒரு கை இறால் கொடுத்துச் சரிக்கட்டிவிட்டிருந்தார்.

என் கெட்ட நேரம், அன்றைக்குச் செயப்பாட்டு வினை. 'மீன் பூனையால் தின்னப்பட்டது' என்று போர்டில் இங்கிலீஷில் எழுதி, தமிழில் விளக்கிக்கொண்டிருந்தேன்.

"மிஸ்ஸு, ஒரு டவுட்டு" என்று ஜன்னல் பேசியது. "பூனை மீன தின்னுச்சுன்னு நேரா சொன்னா இன்னா?"

"ரெண்டும் ஒண்ணுதாம்மா. யார் செஞ்சாங்கங்கறது முக்கியம் இல்லாதப்ப இப்படி எழுதுவாங்க."

"மீன் விக்கிறவளுக்கு அதான் மிஸ்ஸு முக்கியம்!"

வகுப்பு சிரித்து முடிக்கவே மணி அடித்துவிட்டது. அதற்குப் பிறகு எந்த ஊரில், யாருக்குச் செயப்பாட்டு வினை நடத்தினாலும் எனக்கு நாக்கு குழறும்.

அடுத்த நாள் இடைவேளையில் என் மாணவன் ஒருவனைப் பிடித்துக்கொண்டார். பிசிக்ஸில் என்ன நடத்தினார்கள் என்று கேட்டார். அவன் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பத்தி இங்கிலீஷை மூச்சு விடாமல் ஒப்பித்தான்.

"ஷோக்கா சொன்னே. அப்டின்னா இன்னா?"

பையன் என்னைப் பார்த்தான். நான் பூனையைப் பார்த்தேன்.

பிறகு தமிழ் மீடியம். அங்கே இங்கிலீஷ் எடுத்தவர் சீனியர் சார். ஓரம் மடங்கி மஞ்சளாகிப்போன நோட்டு ஒன்றை வருஷா வருஷம் அதே குரலில் சொல்லச் சொல்ல, பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். அந்தக் குரலில் ஒரு தாலாட்டு உண்டு. ஜன்னல் கம்பியில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்த ஜன்னலம்மா நின்றபடியே தூங்கிப்போய்விட்டார். கூடை சரிந்து இறால் வராந்தா முழுக்கக் கொட்டியது. அந்தச் சத்தத்தில்தான் வகுப்பும் விழித்தது.

கம்யூனிகேட்டிவ் வகுப்புக்கு அழகான பெயர்ப் பலகை இருந்தது, டீச்சர் இல்லை. வருகிற வரைக்கும் பார்த்துக்கொள்ளும்படி பி.டி. மாஸ்டரிடம் ஒப்படைத்திருந்தார்கள். அவர் விசில் ஊதியதும் ஒவ்வொருவராக எழுந்து இங்கிலீஷில் ஒரு வாக்கியம் பேச வேண்டும். பேசாதவர்கள் கிரவுண்டை ஒரு சுற்று ஓட வேண்டும். மொத்த வகுப்பும் ஓடிக்கொண்டிருந்தது.

"அந்த கிளாஸு புள்ளைங்க நல்லா ஓடுதுங்க மிஸ்ஸு" என்று எனக்குத் தகவல் வந்தது.

ஸ்டாஃப் ரூமில் விழுந்து விழுந்து சிரித்தோம். நானும் சிரித்தேன், அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும்.

அன்று நான் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எனக்கு மூத்தவ ஒருத்தி கீறா மிஸ்ஸு. பத்தாவது வரிக்கும் தமிழ்ல படிச்சா, நல்ல மார்க்கு. இங்கிலீஷ்ல போட்டா பெரிய ஆளா வருவான்னு யாரோ சொன்னாங்க. வேற இஸ்கோல்ல கொண்டுபோயி, பாக்காம போட்டுட்டேன். ஒரு வார்த்த உள்ள போவல அதுக்கு. எங்கிட்ட சொல்லவும் இல்ல. பேச்சே கொறஞ்சி போச்சு. பரிச்சையில பாதிலயே எந்திரிச்சி வந்துட்டா. இப்ப எறா உரிக்கிற கம்பெனில ஐஸ் தண்ணில கைய வெச்சிகினு கீறா."

நான் டிபன் பாக்ஸை மூடினேன்.

"ஒரு நா கூட எம்மேல கோவப்படல மிஸ்ஸு. திட்டிட்டான்னா கூட தேவல."

என் பக்கம் திரும்பினார். பிறகு கேட்டார்: "நீ சொல்லு. ஒன் தங்கச்சின்னா எதுல போடுவே?"

அன்று காலையில்தான் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டிருந்தார். இங்கிலீஷ் மீடியத்தில் பதினான்கு பேர் சேர்ந்திருந்தார்கள். பதினைந்து இல்லையென்றால் நிர்வாகம் வகுப்பை எடுத்துவிடும். "அந்த ஜன்னலம்மா பொண்ணை எப்படியாவது இழுத்துடுங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

'இங்கிலீஷ்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பொன்னேரி மாப்பிள்ளை கண்ணுக்குத் தெரிந்தார். கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்த பையனும் தெரிந்தான்.

"தமிழ்லயே போடுங்கம்மா. புரிஞ்சு படிக்கட்டும்."

"அப்ப இங்கிலீஷு?"

"அது இந்த மூணு கிளாஸ்லயும் இல்லம்மா. என் கிளாஸ்லயும் இல்ல."

இதை நான் என்னிடமே அதுவரை சொல்லிக்கொண்டதில்லை.

"ஒன் கிளாஸ்ல கொஞ்சம் இருந்துச்சு மிஸ்ஸு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

திங்கட்கிழமை மகளைத் தமிழ் மீடியத்தில் சேர்த்தார். மாதக் கடைசியில் இங்கிலீஷ் மீடியத்தை மூடினார்கள். பதினான்கு பிள்ளைகளில் பாதி தமிழ் வகுப்புக்கும் பாதி வேறு பள்ளிகளுக்கும் போயின. நான் விம்கோ நகரில் எங்கள் வீட்டுக்குப் போனேன்.

நான்காம் நாள் வாசலில் ஜன்னலம்மா நின்றார். மகள் சொல்லித்தான் விஷயம் தெரிந்திருக்கிறது.

"அடிப்பாவி மிஸ்ஸு! வேல போவும்னு ஒரு வார்த்த சொன்னியா நீ? கெளம்பு!"

என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனார். வாசலில் பக்கத்து மீனவக் குப்பமான முகத்துவாரக்குப்பத்துப் பெண்கள் ஆறு பேர் தலை சீவிப் பவுடர் போட்டுத் தயாராக நின்றிருந்தார்கள். நேராகத் தலைமையாசிரியர் அறைக்கு ஓட்டிக்கொண்டு போனார்.

"பாஞ்சுக்கு ஒண்ணுதான கொறஞ்சுது? இந்தா ஆறு பேரு, எண்ணிக்கோ. மிஸ்ஸுக்கு வேலைய குடு."

தலைமையாசிரியர் பார்த்தார். ஒருத்தி எட்டாவது படிக்கிறாள். இரண்டு பேர் பத்தாவது ஃபெயில். மூன்று பேர் பள்ளிக்கூடத்தை விட்டு வருஷக்கணக்காகிறது.

"ஏம்மா, இந்தப் பொண்ணு கழுத்துல தாலி இருக்கே!"

"கீட்டுமே. கட்டினா படிக்கக் கூடாதுன்னு சட்டம் எதுனா கீதா?"

தலைமையாசிரியர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். சேர்க்கை முடிந்துவிட்டது என்றார். ஜன்னலம்மா கத்தினார், கெஞ்சினார், கூடையைத் தரையில் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தார். ஒன்றும் நடக்கவில்லை. அந்தத் தையில் எனக்குக் கல்யாணம் ஆனது.

ஏழெட்டு வருஷம் கழித்து எண்ணூர் நெடுஞ்சாலை பஸ் ஸ்டாப்பில் அவரைப் பார்த்தேன். என் இடுப்பில் குழந்தை, அவர் தலையில் கூடை. மகளைப் பற்றிக் கேட்டேன்.

"நீ சொன்னாப்புல தமிழ்ல நல்லா படிச்சா மிஸ்ஸு. பிளஸ் டூ பாஸு, நல்ல மார்க்கு. காலேஜில கெமிஸ்ட்ரி போட்டேன். அங்க போனா எல்லாம் இங்கிலீஷு. மூத்தவளாட்டமே பேச்சு கொறய ஆரம்பிச்சுது. சரின்னு நானே போயி பாத்தேன்."

"பார்த்தீங்களா?"

"எங்க பாக்கறது? கிளாஸு மூணாவது மாடி."

நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடித்தபோது இருவருக்கும் கண் கலங்கியிருந்தது. பெண் படிப்பை முடித்துவிட்டாளாம்; நான்கு அரியர் மட்டும் நிற்கிறதாம். வருஷா வருஷம் எழுதிக்கொண்டிருக்கிறாளாம்.

"நான் சொன்னது தப்பாப் போச்சாம்மா?"

"நீ சொன்னது ரைட்டு. நான் போட்டதும் ரைட்டு. ஆனா புள்ள மட்டும் அங்கியே நிக்குது, பாரேன்."

பஸ் வந்தது. ஏறப்போனவர் திரும்பினார்.

"மிஸ்ஸு, அன்னிக்கி நான் வந்து உன்ன கேக்காங்காட்டி உன் வேல இருந்துருக்கும் இல்ல?"

"இல்லம்மா. அந்த கிளாஸை எப்படியும் மூடியிருப்பாங்க."

"மெய்யாலுமா?"

"மெய்யாலும்."

அவர் பெருமூச்சு விட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறினார். ஜன்னலம்மாவிடம் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். இன்றைக்கு வந்து கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.