நொட்டாங்கையின் கிட்டார்

கொடைக்கானலில் யார் சொல்லுக்கும் அடங்காதவை இரண்டு. ஒன்று மேகம். இன்னொன்று எங்கள் தபால்காரரின் இடது கை.

அறுபதுகளில் நான் அந்தத் தபால் ஆபீஸில் குமாஸ்தா. அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. ஊருக்கு அவர் நொட்டாங்கை. நினைவில்லாமல் இடது கையால் கடிதத்தை நீட்டுவார். "சோத்துக் கையால குடுங்கய்யா" என்பார்கள். மன்னிப்புக் கேட்டு, வலது கைக்கு மாற்றி மறுபடி நீட்டுவார். ஒவ்வொரு தபாலையும் இரண்டு முறை பட்டுவாடா செய்தவர் இந்தியாவிலேயே அவர் ஒருவர்தான்.

நாற்பது வயதில் அவருக்குக் கிட்டார் ஆசை வந்தது. சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் பழைய சாமான் கடையில் ஒரு எலக்ட்ரிக் கிட்டாரை விட்டுப்போயிருந்தது. வாங்க ஆளில்லை. "தலைகீழாச் செஞ்சுபுட்டாங்க சார், கோளாறு சாமான்" என்று கடைக்காரர் ஒரு கம்பளி விலைக்குத் தள்ளிவிட்டார். கோளாறு ஒன்றுமில்லை, அது இடது கைக்காரருக்கென்றே செய்தது. நொட்டாங்கை அதை மடியில் வைத்துத் தடவிப் பார்த்தார்.

"கத்திரிக்கோல்லருந்து எல்லாத்தையும் அடுத்தவன் கைக்குத்தான் சார் செஞ்சு வச்சிருக்கான். என் கைக்குன்னு இது ஒண்ணுதான்."

வீட்டில் கரண்ட் இல்லை என்பது பிறகுதான் உறைத்தது. கரண்ட் இல்லாத கிட்டார் கொசு அளவுக்குத்தான் பேசியது. கட்டையில் தாடையை அழுத்திக் கேட்டுக்கொண்டே வாசித்தார். "பல்லு வலியான்னு தெருவே கேக்குதுங்க" என்றாள் அவர் மனைவி சரசு. கிட்டாரோடு வந்த பாடப் புத்தகத்தில் எல்லாப் படமும் வலது கைக்காரருக்கு. அதைச் சரசுவின் முகம் பார்க்கும் கண்ணாடியில் காட்டிப் பார்த்துப் படித்தார். ஒரு வருடத்தில் ஒரு மெட்டு தேறியது.

பக்கத்துப் பெருமாள்மலையில் இன்னொரு தபால்காரரின் மகளுக்குக் கல்யாணம். நொட்டாங்கை, சரசு, நான் மூவரும் கிட்டாரோடு போயிருந்தோம். மைக் செட்காரர் கிட்டாருக்கு ஒயர் கொடுத்தார். முதல் மீட்டலில் ஸ்பீக்கர் போட்ட ஊளையில் பந்தியே எழுந்துவிட்டது. அடுத்ததில் மெட்டு தலைகாட்டியது. அப்போதுதான் மாப்பிள்ளையின் பெரியப்பா எழுந்தார்.

"நல்ல காரியத்துல நொட்டாங்கையால வாசிக்கிறது நல்லால்ல. நிப்பாட்டச் சொல்லுங்க."

நொட்டாங்கை நிறுத்திவிட்டார். யாரையும் பார்க்காமல் ஒயரைப் பிடுங்கக் குனிந்தார்.

சபையில் பேசியே அறியாத சரசு பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து வந்தாள். "கும்பிடுறேனுங்க. ஒரு வருசமா இத நான் மட்டுந்தான் கேட்டேன், அதுவும் அரையும் கொறையுமா. இன்னிக்குத்தான் முழுசாக் கேக்கப்போறேன். வாசிக்கட்டுமுங்க."

மணப்பெண் தலை குனிந்தபடியே, "வாசிங்க மாமா" என்றாள். பெரியப்பா உட்கார்ந்துவிட்டார்.

வாசித்தார். நாலு இடத்தில் தடுக்கி விழுந்து, எழுந்து, ஒருவழியாக முடித்தார். சரசு ஸ்பீக்கருக்கு அடியிலேயே நின்று, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

திரும்பும்போது நல்ல மழை. மூன்று பேருக்கும் ஒரு கிட்டாருக்குமாக என்னிடம் இருந்தது ஒரே குடை. கிட்டாருக்குப் பிடித்தேன். நாலு நாள் காய்ச்சலில் கிடந்தேன். அந்த மழை இன்னொரு தடவை வந்தாலும் அதற்குத்தான் பிடிப்பேன்.