வியாழன் நிலாவின் ஐஸ்கட்டி

1979 ஆடி மாதம் இலங்கை மலையகத்தில், பசறைப் பக்கம் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தவன் அதிர்ஷ்டசாலி. எல்லாரும் எங்கே போனார்கள் என்கிறீர்கள்? வியாழன் கிரகத்துக்கு! கண்டக்டர் அப்படித்தான் கூவி ஏற்றினார். இறங்கும் இடம் என்னவோ தேயிலைத் தோட்டத்து மேற்கணக்குப் பிரிவில், பறித்த கொழுந்தைச் சேர்க்கும் மடுவக் கொட்டகைதான். கொழுந்து நிறுக்கும் தராசுக்குப் பக்கத்தில், பலகை போட்டு, தாடியை நீவியபடி உட்கார்ந்திருந்தார் குருமண்டலச் சாமி.

இதற்குப் பிள்ளையார் சுழி போட்டவர் தோட்டப் பள்ளிக்கூடத்து இரகுநாதன் மாஸ்டர், யாழ்ப்பாணத்துக்காரர். ஒருநாள் கூடியிருந்தவர்களுக்குப் பேப்பரைச் சத்தமாக வாசித்தார். "வொயேஜர் எண்டொரு கலம் வியாழனுக்குக் கிட்டப் போயிருக்கு. அதின்ர நிலா ஒண்டு முழுக்க ஐஸாம். இனியொரு காலத்தில அதுக்கெண்டே ஒரு கலம் போய், ஐஸுக்குக் கீழ உயிர் இருக்கோ எண்டு தேடும்." நாலு பேருக்கு அறிவு வளரட்டும் என்று நினைத்தார், பாவம். கூட்டத்தில் நின்று கேட்ட சாமிக்குத் தொழில் வளர்ந்தது.

மறுவாரமே சாமி முழங்கினார். "ராக்கெட்டு குருபகவான் விலாவுல இடிச்சிருச்சு! குருபார்வை கோணிப் போச்சு! இனி நடக்கிற கல்யாணம் ஒண்ணும் நெலைக்காது!"

பரிகாரமும் அவரிடமே இருந்தது. வியாழக்கிழமைதோறும் தியானத்தில் அந்த நிலாவுக்கே போய் ஐஸ்கட்டி கொண்டுவருவாராம். அதைக் கல்யாணப் பெண்ணின் உச்சந்தலையில் வைத்து உருக்கினால் குருபார்வை நேராகிவிடுமாம். அமெரிக்காக்காரனின் கலத்துக்கு இரண்டு வருடம் பிடித்த தூரம் சாமிக்கு அரை மணி நேரம்! காணிக்கை மட்டும் தங்கமாக இருக்க வேண்டும். குருவுக்கு மஞ்சள் நிறம் பிடிக்கும் அல்லவா?

இதில் வசமாக மாட்டியவள் கொழுந்து பறிக்கும் ஜெயமலர். ஆவணியில் அவளுக்கும் தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்யும் தவசிக்கும் கல்யாணம். தவசியின் அப்பா பெரியதம்பிக் கங்காணி ஒரே பிடியாக நின்றார். "ஐஸு வச்சாத்தான் தாலி. இல்லாட்டி வேற எடம் பாருங்க."

அவளிடம் இருந்த தங்கம் ஒரு சோடித் தோடு. மூன்று வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் கைக்காசுக்குக் கொழுந்தெடுத்து, அட்டைக்கு இரத்தம் கொடுத்து வாங்கியது. தவசியும் வேண்டும், தோடும் வேண்டும். இதில் என்ன பேராசை?

பக்கத்து லயத்து வீட்டுப் பெண்ணுக்கு ஐஸ் வைத்த அன்று ஜெயமலர் துணைக்குப் போயிருந்தாள். கட்டியின் அடியில் நெல் உமி ஒட்டியிருந்தது. பசறையில் ஹுமைத் நானாவின் மீன்கடையில் அடிக்கும் வாடையும் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை நேரே அந்தக் கடைக்குப் போனாள்.

"நானா, மிஞ்சிற ஐஸ என்னா செய்வீங்க?"

"வெள்ளிக்கிழம ஒங்கட ஆக்கள் மீன் தொட மாட்டாங்க தானே புள்ள? லொறியும் வாறல்ல. வியாழன் பின்னேரம், உருகாம உமியில பொதிஞ்சு வச்ச மிச்ச ஐஸ ஒரு தாடிக்காரர் சாக்கோட தூக்கிட்டுப் போற. எனக்கும் கட கழுவுற வேல மிச்சம்."

ஜெயமலர் சிரித்துவிட்டாள். "அப்பிடியா சங்கதி! வர்ற வியாழன் ஒங்க கடைப் பூனைய எனக்குக் கொஞ்சம் தாங்க."

அந்த வியாழன் மடுவத்தில் எள் போட்டால் எள் விழாது. சாமி மஞ்சள் துணியை விலக்கினார். ஐஸ்! கூட்டம் அரோகரா போட்டது. ஜெயமலர் தோட்டைக் கழற்றித் தட்டில் வைத்தாள். முதுகில் இருந்த கொழுந்துக் கூடையை இறக்கி, மேலே கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்தாள்.

பூனை பாய்ந்தது. ஐஸைக் கட்டிப்பிடித்து நக்கியது. அப்புறம் சாமியின் கையை நக்கியது. அப்புறம் தாடியை.

"பாத்தீங்களா, வாயில்லா சீவனுக்கும் பக்தி!" என்று சாமி சமாளித்தார். நாலு பேர் பூனையையும் கும்பிட்டார்கள்! சும்மா சொல்லக்கூடாது, நம் சனங்கள் கும்பிடுவதில் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை.

ஜெயமலர், மடுவத்தில் சாத்தியிருந்த, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியின் முதுகால் ஐஸில் ஒரு போடு போட்டாள். கட்டி பிளந்தது. நடுவில் ஒரு நெத்தலி.

"ஐயோ, மச்சாவதாரம்!" என்று கங்காணி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"மாமா, நெலாவுல மீனு இருக்குன்னே வச்சுக்குவோம். இந்த உமி எப்பிடி வந்துச்சு? அங்க நெல்லு குத்துற மில்லும் இருக்கா?" ஜெயமலர் சாமி பக்கம் திரும்பினாள். "சாமி, நாளைக்கு வெள்ளிக்கிழம. பசறைக்கு மீன் லொறி வராது. நாளைக்கு ஒரு நட போய் ஐஸு கொண்டாங்க. கொண்டாந்தா தோடு ஒங்களுக்கு."

"நாளைக்கா? நாளைக்கு... ஆகாசத்துல பாதை சரியில்லம்மா."

முதலில் சிரித்தவன் தவசி. பிறகு மடுவமே குலுங்கியது. சாமி தட்டைக்கூட எடுக்காமல் தேயிலைக்குள் விழுந்து ஓடினார். பின்னாலேயே பூனையும் ஓடியது. அது ஒன்றுதான் அவரைக் கடைசிவரை நம்பியது.

கங்காணி தலையைச் சொறிந்தார். "சரி சரி, ஆவணியிலேயே கல்யாணத்த வச்சுக்குவோம். இருந்தாலும் மருமகளே, அந்த நெலாவுல நெசமாவே உசிரு இருக்குமா?"

ஜெயமலர் தோட்டைக் காதில் திருகிக்கொண்டாள்.

"தெரியாது மாமா. ஐஸுக்குக் கீழ உசிரு இருக்கான்னு தேட அமெரிக்காக்காரங்க இன்னொரு கப்பல் கட்டுவாங்களாம். நம்ம மண்டைக்குள்ள மூளை இருக்கான்னு தேட, மீன்கடைப் பூனை வர வேண்டியதாப் போச்சு!"