ரெண்டு சுத்து அண்ணை

ஜப்பான்காரர் தேநீர்க் கிண்ணத்தை உள்ளங்கையில் வைத்து இரண்டு தரம் சுற்றுவது, முன்னால் குடித்தவரின் வாய் படாத பக்கத்தைத் தேடித்தான் என்று நம்பியவன் நான். எச்சிலுக்கு அஞ்சுகிற கூட்டம் நம்மைப்போல் இன்னொன்றும் உண்டே என்று பெருமையும் பட்டேன்.

என்னை இதில் மாட்டிவிட்டவர் ரெண்டு சுத்து அண்ணை. எதையும் இரண்டு தரம் சுற்றாமல் வாயில் வைக்காத ஒரே யாழ்ப்பாணத்தார், ஜெர்மனியின் கொலோன் நகரில், அவர்தான். உணவகமொன்றில் பாத்திரம் கழுவுகிற வேலை; சனிக்கிழமைகளில் ஜப்பானியத் தேநீர் வகுப்பு. கலியாண வீட்டில் பாயாசக் கோப்பையையும் சுற்றுவார். பின்னால் வரிசை முணுமுணுக்கும்; நான் ஒருநாள் வாய்விட்டே சொன்னேன்.

"அண்ணை, என்ன சுத்தினாலும் கஜுப் பருப்பு உங்கட பக்கம் வராது."

"விசரா, கோப்பையின்ரை முன்பக்கம்தான் வடிவு. அதிலை வாய் வைக்கக்கூடாது. அதுதான் மரியாதை."

எனக்கு "வாய் வைக்கக்கூடாது" என்பது மட்டும் காதில் விழுந்தது.

இரத்த அழுத்தத்துக்கு நல்லது என்று என்னையும் வகுப்புக்கு இழுத்துப் போனார். ஒரு மாதம் முழுக்க, அழுக்கே இல்லாத மூங்கில் கரண்டியைப் பட்டுத்துணியால் துடைத்தேன். அழுத்தம் ஏறியது. மனைவி கேட்டாள்: "இஞ்சை கிடக்கிற சட்டியளுக்கு எப்ப நாள் குறிச்சு டெர்மின் தருவியள்?"

பிறகு அந்தச் சனிக்கிழமை வந்தது. அண்ணை முதல்முறையாக விருந்தாளிகளுக்குத் தேநீர் கலக்கும் நாள். வாசலிலேயே என் கையைப் பிடித்தார்.

"தம்பி, மூண்டு வருசம் துடைச்சே கழிச்சனான். இண்டைக்குத்தான் டீச்சர் ஆக்களுக்குக் குடுக்க விடுறா. பகிடி விட்டுக் கெடுத்துப்போடாதை."

"சீ, நான் வாயே திறக்கமாட்டன் அண்ணை."

திறந்திருக்க வேண்டும். அன்றைக்குப் பச்சைத் தேயிலைத் தூளில் குழைத்த கெட்டித் தேநீர். மூன்று விருந்தாளிகளுக்கும் ஒரே கிண்ணம்! எனக்கு முன்னால் இரண்டு ஜெர்மன்காரர் குடித்து, விளிம்பைத் துடைத்து, என்னிடம் நீட்டினார்கள். கிண்ணத்தைச் சுற்றினேன். எல்லாப் பக்கமும் வட்டமாகவே இருந்தது. யார் எங்கே குடித்தார்?

வாய் வைக்கக்கூடாது! அண்ணாந்து, கிண்ணத்தை ஒரு சாண் உயரத்தில் பிடித்துக் கவிழ்த்தேன். தண்ணீரென்றால் வந்திருக்கும். இது கூழ்ப் பதம், வரவில்லை. இன்னும் கவிழ்த்தேன். வரவில்லை. அடியில் ஒரு தட்டுத் தட்டினேன்.

வந்தது. மூக்கு, மீசை, வெள்ளைச் சட்டை எல்லாம் பச்சை. வழுக்கிய கிண்ணம் என் பல்லில் இடித்து, உதட்டில் நின்றது.

அண்ணையின் மூன்று வருசம் என் சட்டையில் வழிந்துகொண்டிருந்தது.

அண்ணை முழங்காலால் நகர்ந்து வந்தார். அடிக்கப்போகிறார் என்று கண்ணை மூடினேன். அவரோ டீச்சர் பக்கம் திரும்பி, எங்கள் ஊரில் பாத்திரத்தில் வாய் படாமல் குடிப்பதுதான் மரியாதை என்று ஜெர்மனில் நிதானமாகச் சொன்னார். அந்த அம்மா சற்று யோசித்துவிட்டு எனக்குத் தலைவணங்கினார். நானும் பச்சைப் பல்லோடு வணங்கினேன்.

"மிச்சம் வைக்கக்கூடாதடா," என்று தமிழில் முணுமுணுத்து அண்ணை கிண்ணத்தை வாங்கினார். அடியில் இரண்டு மடக்குக் கிடந்தது.

அன்றைக்கு மட்டும் அவர் அதைச் சுற்றவில்லை. என் வாய் பட்ட பக்கத்தாலேயே குடித்தார்.