சிங்கத்தின் மேல் ஒரு ஞாயிற்றுக்கிழமை

தொலைந்த நகரத்தைத் தேடிப் போகும் படங்களில் யாரையும் கொசு கடிப்பதில்லை. இந்த ஓர் உண்மையை நான் கொஞ்சம் முன்னாடியே கவனித்திருந்தால், பெண் பார்த்துப் போன பிறகு என் மாமியாரை முதன்முதலாகச் சந்தித்தபோது என் மூக்கு வரை சேறு இருந்திருக்காது.

அந்த வகைப் படங்கள் மேல் எனக்கு அப்படி ஒரு பைத்தியம். அடர்ந்த காடு, இடிந்த கோட்டை, கதாநாயகி கால் இடறுவாள், பள்ளத்தில் விழப் போவாள், கதாநாயகன் ஒற்றைக் கையால் அவள் இடுப்பைப் பிடித்து நிறுத்துவான். இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். பின்னால் கோட்டை சரிந்துகொண்டிருக்கும், அதை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். ஜொகூர் மாநிலத்துச் செனாயில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் கணினி முன் உட்கார்ந்து, என் இடுப்பையும் யாராவது ஒருநாள் அப்படிப் பிடிப்பார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

வீட்டில் பார்த்த மாப்பிள்ளை குமரேசன். மாசாய்க்காரர், தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்க்கும் வேலை. நல்லவர் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அதுதான் கவலை. (எந்தக் கதாநாயகனையாவது முதல் காட்சியிலேயே 'நல்லவர்' என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?) தொலைபேசியில் பேசினால் மழை பெய்ததா, ரோட்டில் நெரிசலா என்று கேட்பார். இவரோடு எந்தக் கோட்டைக்குள் போய் எந்தப் புதையலை எடுப்பது?

சரி, சோதித்துப் பார்த்துவிடுவோம், தேறாவிட்டால் நிச்சயத்துக்கு முன்பே வேண்டாம் என்று சொல்லிவிடுவோம் என்று முடிவெடுத்தேன். ஜொகூர்க் காட்டுக்குள் பழைய நகரம் ஒன்று புதைந்து கிடப்பதாக ஊரில் ஒரு பேச்சு எப்போதும் உண்டு. கெலாங் பாத்தா பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்துக்குப் பின்னால் பெரிய பெரிய தூண்கள் தெரிகின்றன என்று அலுவலகத் தோழி ஒருத்தி வேறு சொல்லியிருந்தாள். எனக்கு அது போதும். நிச்சயதார்த்தச் சேலை எடுக்க ஜொகூர் பாருவுக்குப் போகிறோம் என்று இரண்டு வீட்டிலும் சொல்லியாயிற்று.

"சேலை எடுக்கப் போறதுக்கு எதுக்குடி பூட்ஸு?" என்றார் அம்மா.

"மழ வரும்மா."

வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

குமரேசனிடம் வழியில்தான் விஷயத்தைச் சொன்னேன். மோட்டார் சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டு யோசித்தார்.

"சேலக் கடை எத்தன மணி வரைக்கும் தொறந்திருக்கும்?" என்றார்.

"சாயங்காலம் வரைக்கும் இருக்கும்."

"அப்ப போலாம் லா."

செம்பனை மரங்களைத் தாண்டிப் புதருக்குள் நுழைந்தோம். கதாநாயகி தலைமுடியை விரித்துவிட்டிருப்பாள் என்பதால் நானும் விரித்துவிட்டிருந்தேன். புதருக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. பத்தடிக்கு ஒருமுறை என்னைப் பிடித்து இழுத்து, 'போகாதே' என்றது. கொசுக்கள் மேளதாளத்தோடு வரவேற்றன. அட்டைகள் ஓசைப்படாமல் வேலையைப் பார்த்தன.

சரிவான இடம் ஒன்று வந்தது. இதுதான் நேரம். "ஆ!" என்று அழகாக ஒரு சத்தம் போட்டு, இடுப்பு அவர் பக்கம் இருக்கும்படி கவனமாகச் சாய்ந்து, விழுந்தேன்.

குமரேசன் அந்த விநாடியில் குனிந்து காலுறைக்குள்ளிருந்து அட்டையைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

சரிவு முழுவதையும் நான் தனியாகவே கடந்தேன். கீழே செம்பனைத் தோட்டத்து வடிகால். அதில் தண்ணீர் கொஞ்சம், சேறு நிறைய. மேலேயிருந்து அவர் எட்டிப் பார்த்தார்.

"அலாமாக்! எறங்கப் போறேன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

என்னைத் தூக்க இறங்கி வந்தவர் தானும் முழங்கால் வரை சிக்கினார். ஒருவரையொருவர் பிடித்து இழுத்து, கடைசியில் எதிர்க்கரையில் தவழ்ந்து ஏறி நிமிர்ந்தபோதுதான் அதைப் பார்த்தேன்.

கொடிகள் மூடிய பிரம்மாண்டமான நுழைவாயில். வரிசையாகத் தூண்கள். உள்ளே வட்டமான மேடை, அதன் மேல் வாயைப் பிளந்து நிற்கும் சிங்கம். எனக்குச் சிலிர்த்துவிட்டது. விழுந்தது, அட்டை, சேறு எல்லாம் மறந்துபோனது. நகரம்! எத்தனை நூற்றாண்டாய் மனிதக் கண் படாத நகரம்! கீழே கிடந்த பலகையில் பாசிக்கடியில் எழுத்துகள் தெரிந்தன.

"பழைய காலத்து எழுத்து!" என்று கத்தினேன்.

குமரேசன் கைக்குட்டையால் துடைத்துப் படித்தார். "இப்பவே பதிவு செய்தால் ஏர்கோன் இலவசம்னு போட்டிருக்கு."

பாதியில் கைவிடப்பட்ட தாமான், அதாவது புதுக் குடியிருப்பு. வீடுகள் சுவரோடு நின்றுபோயிருந்தன. நுழைவாயிலையும் நீரூற்றையும் மட்டும் முதலில் கட்டி முடித்திருந்தார்கள்.

ஆனால் மனிதக் கண் படாவிட்டாலும் நகரத்தில் குடிமக்கள் இருந்தார்கள். அந்தச் சுவர்களுக்குப் பின்னாலிருந்து ஒரு நாய் வந்தது. அப்புறம் அதன் சொந்தபந்தம் எல்லாம் வந்தது. நாங்கள் ஓடிய ஓட்டத்தில், வற்றிப்போன நீரூற்று மேடையில் எப்படி ஏறினோம் என்று இருவருக்கும் இன்றுவரை தெரியாது. அவர் சிங்கத்தின் முதுகில். நான் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு. நாய்கள் சுற்றி உட்கார்ந்து எங்களை ரசித்தன.

குமரேசன் சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்தார்.

"அம்மா, ஒரு சின்ன உதவி. நாங்க ஒரு சிங்கத்து மேல இருக்கோம்."

மறுமுனையில் பெரிய கூச்சல்.

"மிருகக்காட்சி சாலைலாம் இல்லம்மா. சிமெண்டு சிங்கம். நாய்தான் நெசம்."

காத்திருந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் வேண்டுமென்றேதான் விழுந்தேன், நீங்கள் பிடிப்பீர்களா என்று பார்க்கத்தான் என்று உளறிவிட்டேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் சிங்கத்தின் பிடரியைத் தட்டிக்கொடுத்தார்.

"முன்னாடியே சொல்லணும் லா. கைய ரெடியா வெச்சிருப்பேன்ல?"

அதை அவர் கேலியாகச் சொல்லவில்லை. உண்மையான வருத்தத்தோடு சொன்னார். சேற்று முகத்தோடு அவரை நிமிர்ந்து பார்த்தேன். பின்னால் எந்தக் கோட்டையும் சரியவில்லை. சரிந்தது நான்தான்.

தோட்டத்தைச் சுற்றிக்கொண்டு வந்த பழைய சாலையில் வேன் வந்து நின்றது. அவருடைய அம்மா, என் வருங்கால அத்தை, தனியாக வரவில்லை. வழியில் பதறிப்போய் என் வீட்டுக்கும் சொல்லிவிட்டதால், பின்னாலேயே என் அப்பா அம்மாவின் காரும் வந்தது. அத்தை குடையோடு இறங்கினார். நாய்களைப் பார்த்து ஒரே ஒரு "ச்சீ, போ!" அவ்வளவுதான். நகரமே காலியாகிவிட்டது. அந்தப் படங்களின் உண்மையான கதாநாயகன் யார் என்று எனக்கு அப்போது தெரிந்தது.

அத்தை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். தலையில் இலை, முகத்தில் சேறு, கையில் சிங்கம்.

"சேல எங்கம்மா?" என்றார்.

நான் இறங்கிவந்து தலைகுனிந்து நின்றேன். "படம் பாத்தே கெட்டுப்போச்சுங்க, மன்னிச்சிருங்க" என்று அப்பா கையைப் பிசைந்தார். அத்தை என்னை அருகில் இழுத்தார். "அசையாத" என்றபடி என் கழுத்தில் பருத்துக் கிடந்த அட்டையை நகத்தால் நெம்பி எடுத்து வீசினார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"அடுத்த வாரம் நிச்சயம் வேணாங்க."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். என் நெஞ்சு வடிகாலுக்கே திரும்பிப் போனது.

"இந்தக் காயம் ஆறட்டும். போட்டோவுல தெரியும்."

கல்யாணம் நடந்தது. அதற்கு அப்புறம் காரில் எங்கே போனாலும், பாதி கட்டி நிற்கும் கட்டடம் ஒன்று கண்ணில் பட்டுவிடக் கூடாது. "ரேவதி, உங்க ஊரு வந்துருச்சி, எறங்கலையா?" என்று அத்தை கேட்பார். (ஜொகூரில் கட்டிக்கொண்டேயிருக்கிறார்கள். எனக்குப் பயணமே பிடிக்காமல் போய்விட்டது.)

போன மாதம் மகளின் பள்ளியிலிருந்து டீச்சர் கூப்பிட்டார். குரல் தழுதழுத்தது. வகுப்பில் அம்மாவின் சொந்த ஊரைப் பற்றிச் சொல்லச் சொன்னாராம்.

"கெலாங் பாத்தா பக்கம் காட்டுக்குள்ள இருக்கு, இப்ப அங்க நாய்ங்க மட்டுந்தான் இருக்குன்னு சொன்னா. எப்படிம்மா தாங்கிக்கிட்டீங்க?"